புருஷன் ஊரில் இல்லாதபோது

"என்ற பையன் ஊட்ல இல்லாதப்ப இத யாருக்கோசரம்டி தின்னுட்டிருக்கற?"

சௌந்திரம் வீசிய மாத்திரை அட்டை முட்டை டிரேயின் மேல் வந்து விழுந்தது. விரிசல் விட்ட முட்டைகளைத் தனியே பொறுக்கிக்கொண்டிருந்த தனப்பிரியா நிமிர்ந்து பார்த்தாள். மாமியாரின் கையில் அவளுடைய கைப்பை வாய் திறந்து தொங்கியது. குழந்தைக்கு இருமல் மருந்து தேடியதாகச் சௌந்திரம் பிற்பாடு எல்லோரிடமும் சொல்லிக்கொண்டாள். குழந்தை நிலாவுக்கு அன்றைக்கு இருமலே இல்லை.

"அது குழந்தை தள்ளிப் போடற மாத்திரைங்கத்த. டாக்டரம்மா குடுத்தது."

"அது தெரியாமயா கேக்கறன்? புள்ள உண்டாவோணும்னா ஆம்பள ஊட்ல இருக்கோணுமல்ல? அவன் ராய்ப்பூர்ல மண்ணத் தின்னுட்டுக் கெடக்கறான். நீ இங்க தெனமும் ஒண்ணு முழுங்கற. எதுக்கு?"

எருமப்பட்டிக்குத் தெற்கே, சோளக்காடுகளுக்கு நடுவே இருந்தது சென்னிமலைக் கவுண்டரின் கோழிப்பண்ணை. பண்ணையை அவரும் மனைவி சௌந்திரமும் மருமகள் தனப்பிரியாவும் பார்த்துக்கொண்டார்கள். மகன் சபரிநாதன் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி ஒன்றில் பங்கு வைத்திருந்தான். வண்டியோடு வடக்கே போய்விடுவான். எப்போது திரும்புவான் என்பது அவனுக்கே தெரியாது. மழை பிடித்து வேலை நின்றால் வருவான். கம்ப்ரஸர் பழுதானால் வருவான். உறவில் சாவு விழுந்தால் வருவான். சில சமயம் எருமப்பட்டி பஸ் ஸ்டாண்டில் இறங்கிய பிறகுதான் வீட்டுக்குப் போன் வரும்.

"தெனமும் போட்டாத்தானுங்க கேக்கும்" என்றாள் தனப்பிரியா. "அவிய வர்ற அன்னிக்கு மட்டும் ஒண்ணு போட்டா ஒண்ணும் ஆகாதுங்க. நம்ம கொட்டாயில கோழிக்கு லைட்டு தெனமும் ஒரே நேரத்துக்குத்தானுங்களே போடறோம்? ரெண்டு நாளைக்குக் கரண்டு போனா முட்டை எப்படிங்க தாறுமாறாப் போவுது? ஒடம்பும் அதாட்டந்தானுங்க."

"ஓஹோ! என்ற கோழியும் நீயும் ஒண்ணா? கொட்டாய்க்குள்ள ஒரு சேவல் கெடையாதுடி. சேவல் இல்லாமத்தான் என்ற கோழி முட்டை உடுது. நீ எப்படியோ!"

தீவன மூட்டை இறக்கிக்கொண்டிருந்த ஆட்கள் இருவர் திரும்பிப் பார்த்துவிட்டு, பார்க்காததுபோல் குனிந்துகொண்டார்கள். தனப்பிரியாவுக்கு முகம் எரிந்தது. அட்டையை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

நிலா பிறந்தபோது அவள் செத்துப் பிழைத்தவள். பிரசவத்துக்குப் பின் உதிரம் நிற்கவே இல்லை. வேற்றாள் ரத்தம் ஏற்றித்தான் காப்பாற்றினார்கள். அதன் பிறகு மாதவிலக்கு வந்தாலே எழுந்து நிற்க முடியாது. கண் இருட்டிக்கொண்டு வரும். இப்போதைக்கு இன்னொரு பிரசவத்தை இந்த உடம்பு தாங்காது என்று சொல்லித்தான் லேடி டாக்டர் அந்த மாத்திரையை எழுதிக் கொடுத்தார். காப்பர்-டி வைக்கலாமா என்று இவளே கேட்டாள். "உனக்கு ஏற்கெனவே தீட்டு அதிகம். அது இன்னும் அதிகமாக்கிடும். மாத்திரை போட்டா தீட்டும் குறையும், ரத்தமும் ஊறும்" என்றார் டாக்டர். பிரஷர் பார்த்தார். கண்ணில் மின்னல் வெட்டுகிற மாதிரி ஒற்றைத் தலைவலி வருமா, காலில் ரத்தம் கட்டியிருக்கிறதா, சிகரெட் பிடிப்பாயா என்று வரிசையாகக் கேட்டார். கடைசிக் கேள்விக்குத் தனப்பிரியா சிரித்துவிட்டாள்.

"சிரிக்காதே, கேட்டுத்தான் ஆகணும்" என்றார் டாக்டர். "மாசா மாசம் உன் வயித்துல ஒரு முட்டை பக்குவமாகி வெளிய வருது. இதுல இருக்கற ரெண்டு ஹார்மோனும் அதை வெளிய வரவிடாது. கர்ப்பப்பை வாயில இருக்கற வழுவழுப்பு கெட்டியாகி, விந்தையும் உள்ள விடாது. ஆனா தினமும் ஒரே நேரத்துல போடணும். ஒரு நாள் மறந்தா ஞாபகம் வந்ததும் போட்டுக்க. அதுக்கு மேல விட்டா ஒரு வாரத்துக்கு இதை நம்பாதே, வீட்டுக்காரரை உறை போட்டுக்கச் சொல்லு. முதல் ரெண்டு மூணு மாசம் குமட்டும், மார்பு கனக்கும், நடுநடுவுல சொட்டுச் சொட்டாப் படும். பயந்துபோய் நிறுத்திடாதே, தானாச் சரியாகும். ஆனா கால் ஒரு பக்கம் மட்டும் வீங்கி வலிச்சா, நெஞ்சு வலிச்சா, மூச்சு முட்டினா, கண்ணு மங்கினா அந்த நிமிஷமே ஓடி வந்துடணும்."

"வெள்ளை முடிஞ்சதும் கடைசில சிவப்பா இருக்குதுங்களே, அதுங்க?"

"அது வெறும் இரும்புச்சத்து. அதைப் போடற வாரத்துல தீட்டு வரும். அட்டையைப் பாதியில நிறுத்தினாலும் சட்டுனு தீட்டு வந்துடும், அதுக்கும் பயப்படாதே. இன்னொண்ணு, இது புள்ளையத்தான் தடுக்கும். நோய் எதையும் தடுக்காது."

டாக்டர் சொன்னபடிதான் எல்லாம் நடந்தது. முதலில் குமட்டியது, நின்றது. நடுவில் பட்டது, அதுவும் நின்றது. விலக்கு நாட்களில் சுருண்டு கிடந்தவள் மெல்ல எழுந்து நடமாடினாள். "ஏம்புள்ள, மூஞ்சில களை வந்திருக்குது" என்று ஊருக்கு வந்த சபரிநாதனே சொன்னான். மாத்திரையைப் பற்றி அவனிடம் அவள் மறைக்கவில்லை. "போட்டுக்க. எனக்கென்ன பையனுக்கு அவசரமா? நீ நல்லா இருந்தாப் போதும்" என்று அட்டையை வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தவன் அவன்.

அந்தத் தைரியத்தில்தான், சௌந்திரம் மகனுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தபோது தனப்பிரியா பதறாமல் நின்றாள்.

போனுக்குள் ரிக் வண்டி உறுமியது.

"ஏஞ்சாமி, உம்பொண்டாட்டி தெனமும் கர்ப்பத்தடை மாத்திரை திங்கறா. நீ அங்க, அவ இங்க. உனக்குத் தெரியுமா?"

உறுமல் மட்டும் கேட்டது. யாரோ இந்தியில் கத்தினார்கள். பிறகு சபரிநாதனின் குரல் வந்தது.

"எனக்குத் தெரியாதும்மா."

தனப்பிரியா போனையே பார்த்தாள். "மாமா, உங்ககிட்டச் சொல்லலீங்களா? நீங்கதானுங்களே..."

"சொன்னே, சொன்னே. நா வரும்போது போடறயாக்கும்னு நெனச்சன். நா இல்லாதப்ப எதுக்கு? வர்றதுக்கு மொதநாள் போன் பண்றனல்ல, அப்பப் போட்டுக்கிட்டா ஆகாதா?"

"அது தலைவலி மாத்திரை இல்லீங்க மாமா."

"சுத்தியும் ஆளுக நிக்கறாங்க தனா. நிறுத்திப்போடு. நோம்பிக்கு வாரேன், வந்து பேசிக்கலாம்." இணைப்பு அறுந்தது.

சௌந்திரம் கையை நீட்டினாள். தனப்பிரியா முந்தானை முடிச்சை அவிழ்த்து அட்டையைக் கொடுத்தாள். அவள் கண் முன்னாலேயே அது கோழி எருக் குவியலுக்குள் போயிற்று.

அன்றோடு செய்தி சுவர் தாண்டியது. சௌந்திரத்தின் ஓரகத்தி மயிலம்மாள் மோர் வாங்குகிற சாக்கில் வந்து நின்றாள். "வண்டிக்காரன் எப்பக் கூப்பிடுவானோன்னு ரிக்குக்குத்தான் டீசல் ரொப்பியே வெச்சிருப்பாங்க. இவளும் ரொப்பியே வெச்சிருக்கறாளாட்ட இருக்குது" என்று தனப்பிரியாவின் காதில் விழும்படிச் சொல்லிவிட்டு, மோர் வாங்காமலே போனாள்.

டாக்டர் சொன்ன இன்னொரு விஷயமும் நடந்தது. பாதி அட்டையில் நிறுத்தியதால், இரண்டு மூன்று நாளில் தனப்பிரியாவுக்கு உதிரம் கண்டது.

அந்த வீட்டில் அதை மறைக்க வழியில்லை. விலக்கானவள் அடுப்படிக்கு வரக்கூடாது; பண்ணைக் கொட்டகையை ஒட்டிய தீவன அறையில்தான் படுக்க வேண்டும். அதிலும் மாரியம்மன் திருவிழாவான நோம்பிக்குக் கோயிலில் கம்பம் நட்டாகிவிட்ட நேரம். ஊரே சுத்தம் காத்துக்கொண்டிருந்தது. தனப்பிரியா தானாகவே பாயைச் சுருட்டிக்கொண்டு தீவன அறைக்குப் போனாள். சௌந்திரம் மனதுக்குள் கணக்குப் போட்டாள். மருமகளுக்கு இது நாளில்லை. போன முறை விலக்காகி இன்னும் முழுசாக ஒரு மாதம் ஆகவில்லை.

அவள் தீவன அறையின் வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை, தீட்டு.

"யாருதக் கலைச்ச?"

தனப்பிரியாவுக்கு முதலில் கேள்வியே புரியவில்லை. புரிந்ததும் பாயிலிருந்து எழுந்து நின்றாள்.

"நாளில்லாத நாள்ல பொட்டச்சிக்கு எப்புடிடி வரும்? மாத்திரையப் புடுங்கினதும் பயந்துக்கிட்டுக் கலைச்சுப்போட்ட. நானும் ரெண்டு பெத்தவதான்."

"மாத்திரைய நிறுத்தினா இப்பிடி வருமுங்கத்த. வேணும்னா டாக்டரம்மாவக் கேளுங்க. எங்கூடவே வாங்க, போலாம்."

"டாக்டரு எதுக்கு? அம்மன் இருக்கறா. நோம்பியன்னிக்குக் கோயில்ல சூடத்த அணைச்சுச் சத்தியம் பண்ணு. பண்ணிட்டு ஊட்டுக்குள்ள வா. இல்லீன்னா உங்கப்பன் ஊட்டுக்குப் போயிரு. புள்ளைய உட்டுட்டுப் போ."

எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்வது அந்த ஊரில் பழைய வழக்கம். வரப்புத் தகராறுக்கும் களவு போன மாட்டுக்கும்கூட அணைப்பார்கள். பொய் சொன்னவன் வீடு விளங்காது என்பார்கள். பெண்ணின் கற்புக்கும் அதே கற்பூரம்தான்.

நோம்பிக்காகச் சௌந்திரத்தின் மகள் மைதிலி சேந்தமங்கலத்திலிருந்து கணவன் தமிழரசோடு வந்தாள். திருமணமாகி இரண்டாம் வருஷம். இன்னும் குழந்தை இல்லை. அண்ணன் பெண்டாட்டியை அந்தப் பக்கத்து வழக்கப்படி நங்கை என்று கூப்பிடுவாள். தீவன அறைக்குச் சோற்றுத் தட்டைக் கொண்டுவந்தவள், தட்டைக் கீழே வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள்.

"நங்கை, அது என்ன மாத்திரைங்க? வெள்ளையா இருக்குமே, கடைசில செவப்பா?"

"உனக்கெப்படித் தெரியும்?"

மைதிலி வாசலைப் பார்த்துக்கொண்டாள். "நானும் தின்னுருக்கறனுங்க. காலேஜ்ல படிக்கறப்ப எனக்கு மூணு மாசம் நாலு மாசம் தீட்டே வராதுங்க, நீர்க்கட்டி. சேலத்துல ஒரு டாக்டர் இதத்தான் எழுதினாரு, மாசம் தவறாம வரட்டும்னு. அம்மாதானுங்க தெனமும் டம்ளர்ல தண்ணியோட வந்து நிப்பாங்க. முழுங்கினனான்னு வாயத் தொறந்து காட்டச் சொல்லுவாங்க. ஒரு நாள் உடமாட்டாங்க."

"இதே மாத்திரையவா?"

"இதேதானுங்க. அப்ப எனக்குக் கல்யாணமே ஆவல."

தனப்பிரியா சோற்றில் கை வைக்காமல் அவளையே பார்த்தாள்.

"அம்மாகிட்டச் சொன்னனுங்க. 'அது வேற, இது வேற, வாய மூடு'ன்னுட்டாங்க. நங்கை, உங்க காலப் புடிச்சுக்கறன். சேந்தமங்கலத்துல எங்கூட்ல யாருக்கும் தெரியாதுங்க. சத்து மாத்திரைன்னு சொல்லித்தான் கல்யாணம் பண்ணாங்க. இன்னும் புள்ளையில்லீன்னு எங்க மாமியா எங்கிட்டப் பேசறதே இல்ல. இது மட்டும் தெரிஞ்சா, அதத் தின்னுத்தான் வயித்தக் கெடுத்துக்கிட்டன்னு என்ன அனுப்பிப்போடுவாங்க."

"அதுனால ஒண்ணும் கெடாது. நிறுத்தினாப் புள்ள உண்டாவும்னு டாக்டரம்மா எனக்குச் சொன்னாங்க."

"உங்களுக்குச் சொன்னாங்க. எங்க மாமியாளுக்கு யாரு சொல்றது?"

தனப்பிரியா சோற்றுத் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "போ, நா சொல்லமாட்டேன்" என்றாள்.

நோம்பிக்கு முந்தைய நாள் மத்தியானம் சபரிநாதன் வந்து இறங்கினான். அதற்குள் தனப்பிரியா தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வீட்டின் முன்னறை வரை அனுமதிக்கப்பட்டிருந்தாள். நிலாவைத் தூக்கிக் கொஞ்சினான். பையிலிருந்து குழந்தைக்கு ஒரு கவுன் எடுத்தான். பிறகு, சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்து மனைவியின் கையில் திணித்தான். நாமக்கல்லில் மெடிக்கல் ஸ்டோரில் வாங்கியது.

"இந்தா, நா இருக்கற வரைக்கும் போட்டுக்க."

தனப்பிரியா அதைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள்.

"இன்னிக்குப் போட்டா இன்னிக்கே கேக்காதுங்க. ஒரு வாரம் ஆவும்."

"ஒரு வாரத்துல நா ராய்ப்பூர்ல இருப்பேன்."

"அதுக்குத்தானுங்க தெனமும் போட்டன்."

அவனுக்கு அது புரிந்தது. புரிந்தது முகத்தில் தெரிந்தது. ஆனாலும் வேறு எங்கோ பார்த்தபடி, "எனக்குச் சந்தேகம்னா நா இங்க வருவனா? ஒறம்பரை சொந்தமெல்லாம் பேசறாங்க, அம்மாவுக்குத் தல நிமிர முடியல. சூடத்த ஒரு தட்டுத் தட்டிட்டு வந்துரு. தட்டினா முடிஞ்சுது" என்றான்.

"தெரியாதுன்னு ஏனுங்க சொன்னீங்க?"

"அம்மா முன்னால பின்ன என்னன்னு சொல்றது?"

மறுநாள் காலை கோயிலில் பொங்கல் வைத்து முடிந்தது. வேப்பிலைத் தோரணத்துக்குக் கீழே உறவெல்லாம் கூடியிருந்தது. பின்பக்கம் கிடா வெட்டிச் சமையல் நடந்துகொண்டிருந்தது. சௌந்திரம் பூசாரியின் தட்டைக் கேட்டு வாங்கிக் கல்லின் மேல் வைத்தாள். கட்டிச் சூடம் ஒன்றைப் பற்றவைத்தாள்.

"அணை."

மாமனார் சென்னிமலை மீசையைத் தடவியபடி தூரத்தில் நின்றார். தமிழரசு செல்போனை உள்ளே வைத்துவிட்டுப் பார்த்தான். மயிலம்மாள் நன்றாகத் தெரிகிற இடமாகப் பார்த்து நகர்ந்து நின்றாள்.

தனப்பிரியா இடுப்பிலிருந்த குழந்தையை இறக்கிவிட்டாள். கையை நீட்டினாள். நீட்டிய கை சூடத்துக்கு மேலே நின்றது.

"அணைக்கிறனுங்கத்த. அவிய மொதல்ல அணைக்கட்டும்."

"எவிய?"

"உங்க பையன். நாங்க ரெண்டு பேருந்தானுங்களே பிரிஞ்சு கெடந்தோம்? ராய்ப்பூர்ல கெடந்ததுக்கு அவிய அணைக்கட்டும். எருமப்பட்டில கெடந்ததுக்கு நா அணைக்கறன்."

யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்து, வாயைப் பொத்திக்கொண்டாள். சபரிநாதனின் காதுமடல் சிவந்தது. "என்ன பேச்சுப் பேசற?" என்றான். ஆனால் ஓரடிகூட முன்னே வரவில்லை.

"ஆம்பளைய எவளாச்சும் சத்தியம் கேப்பாளா? எந்த ஊர்லய்யா இது நடக்குது?" என்று சென்னிமலை அங்கிருந்தே கத்தினார்.

தமிழரசு மச்சானுக்குத் துணையாக வந்தான். "தப்புப் பண்ணாத பொம்பளைக்கு அந்த மாத்திரை எதுக்குங்க அக்கா? நல்ல குடும்பத்துப் பொண்ணுக அதத் தொடுவாங்களா? இதோ நிக்கறாளே மைதிலி, அவ தொட்டிருப்பாளா? கேளுங்க அவள!"

மைதிலியின் கையிலிருந்த தேங்காய் மூடி நழுவிக் கீழே விழுந்தது. அவள் குனிந்து எடுக்கவில்லை. சௌந்திரம் சட்டென்று மருமகளைப் பார்த்தாள். சௌந்திரத்தின் முகத்தில் இப்போது கோபம் இல்லை. பயம் மட்டும் இருந்தது. மருமகளுக்குத் தெரியும் என்பது மாமியாருக்கு அந்தக் கணத்தில் தெரிந்துபோயிற்று.

ஒரு வார்த்தை போதும். தனப்பிரியா மைதிலியைப் பார்த்தாள்.

"மைதிலிய எதுக்குங்க இதுல இழுக்கறீங்க? அவ தங்கமானவ" என்றாள்.

சூடம் கடைசியாக ஒருமுறை படபடத்து எரிந்து, தானாக அணைந்தது. தட்டில் கறுப்பாக ஒரு வட்டம் மிஞ்சியது. தனப்பிரியாவின் கை அதற்கு மேலேயே நின்றிருந்தது.

சௌந்திரம் ஓடி வந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பாத்தீங்களா? அம்மனே அணைச்சுப்போட்டா! என்ற மருமவ கை படறதுக்கு முந்தி ஆத்தாளே அணைச்சுப்போட்டா. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்? என்ற மருமவ சுத்தமானவ!"

அவள் குரல் நடுங்கியது. உறவினர்கள் அதைப் பக்தி என்று எடுத்துக்கொண்டார்கள். மயிலம்மாளே முதல் ஆளாகக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "நா அப்பவே சொன்னனே, அந்தப் புள்ள மொகத்தப் பாத்தாலே தெரியுமேன்னு" என்றாள். யாரோ தனப்பிரியாவின் நெற்றியில் குங்குமத்தை அப்பினார்கள். கொஞ்ச நேரத்துக்கு முன்பு அவளை ஊரைவிட்டு அனுப்பத் தயாராக இருந்த கூட்டம், இப்போது அவள் காலடியில் தங்கள் குழந்தைகளை விட்டு ஆசீர்வாதம் கேட்டது.

தனப்பிரியா மாமியாரின் பிடியிலிருந்து கையை விடுவித்துக்கொண்டாள். பக்கத்தில் இருப்பவர்களுக்கு மட்டும் கேட்கும்படி, "திங்கக்கெழமை டாக்டரம்மாகிட்டப் போறனுங்கத்த. மறுபடி ஆரம்பிக்கறன். இனிமே உங்க முன்னாலதான் போடுவேன், தெனமும்" என்றாள்.

சௌந்திரம் மகளைப் பார்த்தாள், மாப்பிள்ளையைப் பார்த்தாள், தலையை மட்டும் ஆட்டினாள்.

சபரிநாதன் நெருங்கி வந்தான். எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்ட நிம்மதி அவன் முகத்தில் இருந்தது. "அதான் அம்மாவே எல்லார் முன்னாலயும் சொல்லிட்டாங்களே, சுத்தம்னு. அப்பறம் இன்னும் ஏன் மொகத்த இப்படி வெச்சிருக்கற?"

"நீங்க இன்னும் அணைக்கலீங்களே மாமா" என்றாள் தனப்பிரியா. "பூசாரிகிட்ட இன்னொரு சூடம் வாங்கியாரட்டுங்களா?"

அவன் வாயைத் திறந்தான். அதற்குள் பின்பக்கமிருந்து குரல் வந்தது. இலை போட்டாயிற்று, ஆண்களுக்கெல்லாம் முதல் பந்தி, சீக்கிரம் வந்து உட்காருங்கள் என்று கூப்பிட்டார்கள். காப்பாற்ற வந்த தெய்வத்தின் குரலைக் கேட்டவன் போலச் சபரிநாதன் அந்தப் பக்கம் வேகமாக நடந்தான்.